கரும்புக் கொல்லையின் உரம் ஓடையில் கலக்காமல் இருக்க, பயிரிடுபவரின் மனம் நோகாமல் என்ன செய்யலாம்?

கேட்டவர்: நிபோங் தெபால், ஓய்வு பெற்ற ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமனும் அவருடைய அண்டை நிலத்தார் நால்வரும் நிபோங் தெபாலுக்கு அருகே ஏறக்குறைய 19 ஏக்கரில் சாற்றுக் கரும்பு பயிரிடுகிறார்கள். இதில் மாமாவின் பங்கு 4 ஏக்கர். சாற்றுக் கடைகளுக்கு ஆண்டு முழுவதும் கரும்பு போகிறது என்றாலும், கையில் காசு நிற்பது இரண்டு விழாக்களில்தான். ஒன்று நம்முடைய பொங்கல். மற்றொன்று, சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவில் பினாங்கு ஹொக்கியன் மக்கள் படையல் மேசையின் இரு புறமும் தோகையோடு கரும்பு கட்டி நடத்தும் தீ கோங் என்னும் வானக் கடவுள் வழிபாடு. அந்த இரு வாரங்களில் தடித்த, நிமிர்ந்த கரும்பைக் கொடுக்க முடியாதவருக்கு அந்த ஆண்டே வீண் என்று மாமா சொல்வார்.

கொல்லையின் வடிகால் ஒரு சிற்றோடையில் சேர்ந்து, கிரியான் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றின் ஓரத்தில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கப் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் மாமாவோடு சிறு வயதிலிருந்து பழகிய மலாய் நண்பர். ஓடை வாயில் மீன் கூண்டும் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓடை நீர் அடர்பச்சையாகி நாற்றமெடுத்தது. ஒரு காலைப்பொழுதில் கூண்டு மீன்களில் பாதி செத்து மிதந்தன. அவர் மாமாவைக் குற்றம் சாட்டவில்லை. “உங்கள் பக்கம் உரம் போட்ட வாரமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே மாமாவுக்குத் தைத்துவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. அறிவியல் கற்பித்தவள் என்ற உரிமையில், நைட்ரசன் நீரில் கலந்தால் பாசி பெருகும், பாசி பெருகினால் மீனுக்கு மூச்சுக் காற்று குறையும் என்று படம் வரைந்து ஐவருக்கும் பாடம் நடத்தினேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் மாமா சொன்னார்: “நீ சொல்கிறபடியே உரத்தைக் குறைக்கிறேன். தை மாதம் கரும்பு மெலிந்து நின்றால் லோரிக்காரனுக்கு நீ பதில் சொல்வாயா?” இன்னொருவர், மேலே கோழிப் பண்ணையும் பன்றிப் பண்ணையும் செம்பனையும் இருக்கும்போது எங்கள் 19 ஏக்கர்தானா உன் கண்ணுக்குத் தெரிந்தது என்று கேட்டார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை.

மாமாவிடம் பிறகு தனியே கேட்டுக் குறித்துக்கொண்ட கணக்கு இது. 4 ஏக்கருக்கு ஓர் ஆண்டில் 50 கிலோ யூரியா மூட்டை 16, பதினைந்து-பதினைந்து-பதினைந்து கலப்புரம் 10 மூட்டை. விழாக் கரும்பை வெட்டிய பின் கட்டை துளிர்க்கும் மார்ச் மாதத்தில் ஒரு முறை, ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, விழாவுக்கு முன் கரும்பு தடிக்க வேண்டும் என்பதற்காகச் செப்டம்பரில் 5 மூட்டை யூரியா. மூன்று முறையும் கையால் மண்ணின் மேல் தூவுகிறார்கள். வடிகால் ஓரத்துப் புல்லைக் களைக்கொல்லி அடித்து மொட்டையாக வைத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக் கரும்பு எனக்கு வெறும் பயிர் அன்று. கலிடோனியா, பைராம் என்று இங்கிருந்த தோட்டங்கள் ரப்பருக்கு மாறுவதற்கு முன் கரும்புத் தோட்டங்களாக இருந்தவை. நம் முன்னோர் பலர் இந்த மண்ணுக்கு வந்ததே கரும்பு வெட்டவும், சதுப்பில் கால்வாய் தோண்டவும்தான். அவர்கள் தோண்டிய வடிகால் வழியே நம் கொல்லை நீர் போய் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கிறதோ என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. பயிரையும் காத்து, ஓடையையும் காத்து, மாமாவின் முகமும் வாடாமல் இதை எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கோலாலம்பூர், மண்ணியல் ஆலோசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் படித்ததும் பின்னர் சில ஆண்டுகள் வேலை பார்த்ததும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கரும்பு விவசாயிகளிடையேதான். உங்கள் மாமாவும் அவருடைய அண்டை நிலத்தாரும் கேட்ட இரண்டு கேள்விகளையும், ஏறக்குறைய அதே கோபத்தோடு, அங்கே பல சமையலறை மேசைகளில் கேட்டிருக்கிறேன். ஆகவே அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள்.

அங்கே பின்னணி இதுதான். டல்லி, ஜான்ஸ்டன், ஹெர்பர்ட், பர்டெக்கின் போன்ற ஆறுகளின் சமவெளிகளில் கரும்பு விளைகிறது. அந்த ஆறுகள் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு எதிரே கடலில் விழுகின்றன. வயலில் பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரசன் மழையோடு கடலுக்குப் போனால் மிதவை உயிரிகள் பெருகும். அவற்றைத் தின்று, பவளத்தை அழிக்கும் முள்முடி நட்சத்திர மீனின் குஞ்சுகள் அதிகமாகப் பிழைக்கும். இதைக் கட்டுப்படுத்த அரசு 2009-ஆம் ஆண்டு சட்டம் கொண்டுவந்து, 2019-இல் அதை இன்னும் கடுமையாக்கியது. சட்டத்தால் உரக் கணக்கு ஏடுகள் ஒழுங்காயின என்பது உண்மை. ஆனால் “ஆற்று முகத்தில் இத்தனை டன் நைட்ரசன்” என்று கணினி மாதிரிகளைக் காட்டியபோது விவசாயிகள் நம்பவில்லை. மேலே மாடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், நகரத்துச் சாக்கடையைக் கேளுங்கள் என்றார்கள். அது முற்றிலும் சாக்குப்போக்கும் அன்று: வண்டல் மண் பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்திலிருந்துதான் வருகிறது, கரைந்த நைட்ரசன்தான் பெரும்பாலும் கரும்பு நிலத்திலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டை நேர்மையாக ஒப்புக்கொண்டு பேசிய அதிகாரிகளுக்கு மட்டுமே வாசல் திறந்தது.

கேர்ன்ஸ் நகருக்குத் தெற்கே ரஸ்ஸல், மல்கிரேவ் ஆற்றுப் படுகையில் நடந்த ஒரு முயற்சி என் மனத்தில் நிற்கிறது. அங்கே விவசாயிகளின் ஒத்துழைப்போடு, அவர்களுடைய கொல்லைக்குப் பக்கத்து ஓடைகளிலேயே நைட்ரேட் அளக்கும் கருவிகளை வைத்தார்கள். நாட்டின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய கைப்பேசிச் செயலியில் மழை அளவும் ஓடையின் நைட்ரேட் அளவும் உடனுக்குடன் தெரிந்தன. தான் உரம் போட்ட மறு வாரம் மழை பெய்து, தன் ஓடையின் கோடு மேலே ஏறுவதைத் தானே பார்க்கும் மனிதரிடம் வேறொருவர் வாதாட வேண்டியதில்லை. தண்ணீரில் போவது தன்னுடைய பணம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரசன். ஆக 16 மூட்டையில் 368 கிலோ. 15 விழுக்காடு நைட்ரசன் உள்ள கலப்புரம் 10 மூட்டையில் 75 கிலோ. மொத்தம் 443 கிலோ, அதாவது ஏக்கருக்கு 110 கிலோவுக்குச் சற்று மேல். குவீன்ஸ்லாந்தில் ஆறு எளிய படிகள் என்று ஒரு கணக்கு முறை வழக்கில் உள்ளது. அதன்படி எக்டருக்கு 100 டன் கரும்பு வரை டன்னுக்கு 1.4 கிலோ, அதற்கு மேல் டன்னுக்கு 1 கிலோ என்று கணக்கிட்டு, மண்ணிலுள்ள கரிமப் பொருள் தானே தரும் நைட்ரசனை அதிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். 120 டன் விளையும் இடத்தில் கழிப்பதற்கு முன்பே எக்டருக்கு 160 கிலோதான் வரும். ஏக்கருக்குச் சொன்னால் 65 கிலோ. அது ஆலைக் கரும்புக்கு, வேறு மண்ணுக்கு உரிய அளவு. உங்கள் சாற்றுக் கரும்புக்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் 65-க்கும் 110-க்கும் இடையே சோதித்துப் பார்க்க இடம் இருக்கிறது.

முதலில் தொட வேண்டியது செப்டம்பர் உரம். கட்டை துளிர்த்து ஆறு மாதம் ஆன பின் போடும் நைட்ரசன் சர்க்கரையாக மாறாது. பச்சைத் தழையைத் தள்ளும், முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும், சாற்றின் இனிப்பைக் குறைக்கும், காற்றுக்குக் கரும்பு சாய இடம் தரும். பினாங்கில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரைதான் மழை உச்சம். பயிருக்கு வேண்டாத நேரத்தில், வானம் கழுவிக்கொண்டு போகும் நேரத்தில், 115 கிலோ நைட்ரசனைப் போடுகிறோம். அதை விட்டால் மட்டுமே ஏக்கருக்கு 82 கிலோவாக இறங்கிவிடும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஏப்ரல் உரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், புதைக்கச் சொல்லுங்கள். யூரியா மண்ணின் மேல் கிடந்தால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும். அடுத்த கனமழையில் மறு பகுதி வடிகாலுக்குப் போகும். பாரின், அதாவது கரும்பு நிற்கும் மண்மேட்டு வரிசையின், ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு விரற்கடை அன்று, நான்கு விரல் ஆழத்துக்குக் கீறி, போட்டு, மண் அணைத்துவிட வேண்டும். வேலையாள் கூலி கூடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் 5 மூட்டை யூரியாவின் விலையை அதற்கு நேரே வைத்துக் காட்டுங்கள்.

விளைச்சல் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வெறும் ஆறுதல் விடையாகாது. ஆஸ்திரேலியாவில் அரசு சில இடங்களில் ஏல முறையையே வைத்தது: இத்தனை கிலோ நைட்ரசனைக் குறைக்க எனக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்று விவசாயியே எழுதிக் கொடுக்கலாம். நம்மிடம் அது இல்லை. ஆகவே இழப்பைச் சிறியதாக்குவதுதான் வழி. நான்கு ஏக்கரையும் மாற்ற வேண்டாம். நான்கு பார் பழைய முறை, நான்கு பார் செப்டம்பர் உரம் இல்லாமல், மீண்டும் நான்கு பழைய முறை, நான்கு புதிய முறை என்று மாற்றி மாற்றி விடச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் பிரித்தால் மேட்டு மண்ணால் வந்த வேறுபாட்டை உரத்தின் மேல் ஏற்றிவிடுவோம். வெட்டும்போது எடையையும் சாற்றின் இனிப்பையும் தனித்தனியே குறித்து வைக்கட்டும். அந்தப் பார்களில் குறையும் தொகையை ஈடு செய்ய உங்கள் குடும்பம் முன்வர முடியுமானால், அதை முன்கூட்டியே மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டது அதைத்தான்.

பதில்: கூலிம், கெடா, கரும்பு பயிரிடுபவர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் 3 ஏக்கரில் இதே சாற்றுக் கரும்புதான் வைத்திருக்கிறேன். முந்தையவர் சொன்ன செப்டம்பர் உரத்தை நான் நிறுத்தியது தண்ணீரை நினைத்து அன்று. சாற்றுக் கடைக்காரர் ஒருவர், உங்கள் கரும்பில் நீர் அதிகம், ஐஸ் போட்டதும் சப்பென்று ஆகிவிடுகிறது என்று இரண்டு முறை லோரியோடு திருப்பி அனுப்பினார். இனிப்பு பார்க்கும் பிரிக்ஸ் கருவி ஒன்று வாங்கி, ஒரு ஏக்கரில் மட்டும் கடைசி உரத்தை விட்டுப் பார்த்தேன். உரம் போட்ட பக்கம் 17, விட்ட பக்கம் 19. கணு இடைவெளி சற்றுக் குறுகியது என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு கரும்பும் சாயவில்லை. படையலுக்கு வாங்குபவர்கள் நிமிர்ந்த கரும்பைத்தான் தேடுகிறார்கள். உங்கள் மாமாவிடம் ஓடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கருவியை அவர் கையில் கொடுங்கள்.

வடிகால் கரையை மொட்டையாக வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. எலி தங்கும் என்ற பயம்தான் காரணம்; அது வீண் பயமும் அன்று, புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் எலி கட்டாயம் வரும். களைக்கொல்லி அடித்த கரை ஒவ்வொரு மழைக்கும் சரிந்து, ஆண்டுக்கு இரண்டு முறை வடிகாலைத் தூர்வார வேண்டியிருந்தது. இப்போது ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குப் புல்லை விட்டு, மாதம் ஒரு முறை இயந்திரத்தால் கணுக்கால் அளவுக்கு வெட்டிவிடுகிறேன். வீட்டு ஓரமாக இருக்கும் பகுதியில் எலுமிச்சைப்புல் நட்டிருக்கிறோம். என் மனைவி அதைக் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்புகிறார். தூர்வாரும் செலவு மிச்சமாகிறது என்று சொன்னால் உங்கள் ஐவரும் கேட்பார்கள்.

கரும்பிலிருந்து உரித்த காய்ந்த தோகையை, அதாவது சோகையை, எரிக்காமல் பார்களுக்கு இடையே உள்ள சாலிலேயே பரப்பிவிடச் சொல்லுங்கள். திறந்த வெளியில் எரிப்பது பொதுவாகச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்க, சோகை மூடிய சாலில் களை முளைப்பது வெகுவாகக் குறையும், மழைத்துளி நேரே மண்ணை அடிக்காது. ஒரே எச்சரிக்கை: சோகையின் மேல் யூரியாவைத் தூவினால் அதில் ஒரு பகுதி மண்ணைத் தொடாமலே அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சோகையை விலக்கி மண்ணில் போட்டு மூட வேண்டும்.

இன்னொன்று. ஐவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். நாலு பேர் முன்னிலையில் நான் இவ்வளவு மூட்டை போடுகிறேன் என்று எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார். ஒருவர் கொல்லையில் மாற்றம் தெரிந்தால் மற்ற நால்வரும் வேலி ஓரமாக வந்து பார்ப்பார்கள்.

பதில்: பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர்

வணக்கம். நான் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவள். ஆகவே ஓடையை மட்டும் பேசுகிறேன்.

முதலில், பச்சை நீரையும் செத்த மீனையும் கண்டவுடன் கரும்பு உரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வகையில் உங்கள் மாமாவின் அண்டை நிலத்தார் கேட்டது நியாயமான கேள்வி. பாசி பெருகிய நீரில் இரவெல்லாம் ஆக்சிசன் குறைந்து, விடியற்காலையில் மீன் சாவது வழக்கம். நீங்கள் காலையில் கண்டீர்கள் என்பது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் பாசிக்கு உணவு பண்ணைக் கழிவிலிருந்தும் வரலாம், கூண்டில் மிஞ்சிய மீன் தீனியிலிருந்தும் வரலாம். கண்டறிய ஒரே வழி, கொல்லைக்குள் நுழையும் நீரையும் கொல்லையை விட்டு வெளியேறும் நீரையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடுவது. உள்ளே வரும் நீரிலேயே அளவு கூடுதலாக இருந்தால் மாமாவுக்கு அது ஒரு பாதுகாப்பு. சோதனையின் இந்தப் பயனை முதலில் சொன்னால் அவர் தயங்க மாட்டார்.

வண்ண மீன் கடைகளில் நைட்ரேட், அம்மோனியா பார்க்கும் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் துல்லியம் அவற்றுக்கு இல்லை; ஆனால் உள்ளே 5, வெளியே 40 என்ற அளவு வேறுபாடு இருந்தால் நிறமே காட்டிவிடும். கிரியான் ஓடைகளில் கடலேற்றம் உண்டு என்பதால் வற்று நேரத்தில் மட்டும் நீர் எடுங்கள். ஏற்ற நேரத்தில் எடுத்தால் யாருடைய நீரை அளக்கிறோம் என்று தெரியாது. உரம் போடுவதற்கு முதல் நாள் ஒரு முறை, அதன் பிறகு வரும் முதல் பெருமழையில் வடிகால் ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. அந்த முதல் ஓட்டத்தில்தான் கதை இருக்கும். வெயில் காய்ந்த செவ்வாய்க்கிழமை ஒன்றில் நீர் எடுத்து எல்லாம் நலம் என்று எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவை எதனோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டில் சுத்திகரிப்புக்கு வரும் ஆற்று நீரில் அம்மோனியா நைட்ரசனுக்கு 1.5 மில்லிகிராம் வரம்பு உண்டு. அது கூடினால் குளோரின் எல்லாம் அம்மோனியாவோடு வினை புரிவதிலேயே செலவாகிவிடும். பினாங்கின் குழாய் நீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது, கிரியானிலிருந்து அன்று. ஆகவே உங்கள் கொல்லை நீர் ஜார்ஜ் டவுன் குழாயில் வருகிறது என்று யாரையும் அச்சுறுத்தாதீர்கள். படகுக்காரரின் கூண்டு மீன் போதுமான காரணம்.

எடுத்த அளவுகளை முகநூலில் போடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அதை மாமாவிடமே கொடுத்துவிடுங்கள். தாளை நீரில் நனைப்பவரும் அவராகவே இருக்கட்டும்.

மீண்டும் கேட்டவர்: நிபோங் தெபால்

மூவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னபடி ஐவரை விட்டு மாமா ஒருவரிடம் மட்டும் பேசினேன். பாடம் எதுவும் நடத்தவில்லை. பிரிக்ஸ் கருவியையும் சோதனைத் தாள் டப்பாவையும் மேசையில் வைத்துவிட்டு, கூலிமில் ஒருவர் இப்படிச் செய்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அவரே கொல்லையில் நான்கு இடங்களில் கரும்பை முறித்துச் சாறு பிழிந்து பார்த்திருக்கிறார்.

சென்ற வாரம் ஏப்ரல் உரத்தைப் பழைய முறையிலேயே தூவினார்கள், நான் தடுக்கவில்லை. வெள்ளி இரவு கொட்டிய மழையில் மாமா குடையோடு வடிகால் வாய்க்குப் போய் இரு முனையிலும் தாளை நனைத்தார். உள்ளே வரும் நீரில் தாள் ஏறக்குறைய வெண்மையாகவே இருந்தது. வெளியேறும் இடத்தில் அட்டையிலுள்ள கடைசி நிறத்துக்கு முந்திய நிறம் வந்தது. தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு மூட்டை என்ன விலை தெரியுமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் படகுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

மாற்றுப் பார்களுக்கு ஒப்புக்கொண்டார். எட்டுப் பாரில் செப்டம்பர் உரம் கிடையாது. அந்தப் பார்களில் குறையும் தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், மறுக்கவில்லை.

இப்போது எதிர்பாராத ஒரு சிக்கல். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. வடிகால் முடியும் இடத்தில் தோண்டும் இயந்திரத்தை வைத்து இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குளம் வெட்டி, வழியும் நீரைத் தேக்கி, வெயில் காலத்தில் திரும்பப் பாய்ச்சலாம் என்கிறார். இயந்திரக்காரர் வருகிற திங்கட்கிழமை வருகிறார். நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. குளத்தின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கோலாலம்பூர் நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோலாலம்பூர், மண்ணியல் ஆலோசகர்

ஆசிரியை அவர்களே, தயவுசெய்து திங்கட்கிழமை வேலையை நிறுத்தி வையுங்கள். தேக்கிய நீரைத் திரும்பப் பாய்ச்சும் குளம் நல்ல முறைதான். பர்டெக்கின் பகுதியில் சால் வழியே பாசனம் செய்யும் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் இடம் கடலோரக் களிமண். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அலையாத்திச் சதுப்பாக இருந்து வண்டல் மூடிய நிலங்களில், மேல் மண்ணுக்குக் கீழே பைரைட் என்ற இரும்புச் சல்பைடு படிந்திருப்பது உண்டு. நீருக்கு அடியில் இருக்கும் வரை அதனால் தீங்கு இல்லை. தோண்டி எடுத்துக் கரையில் கொட்டிக் காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் களிமண்ணில் உள்ள அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும்.

இது ஏட்டில் உள்ள அச்சம் அன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ட்வீட் ஆற்றுச் சமவெளியும் கரும்பு விளையும் பழைய சதுப்பு. வெள்ளம் வடிய வேண்டும் என்று அங்கே ஆழமான வடிகால்களை வெட்டியிருந்தார்கள். 1987-இல் நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை பெய்தபோது, வயல்களில் சேர்ந்திருந்த அமிலம் ஒரே மூச்சில் ஆற்றில் இறங்கி, ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்று உயிர்களைக் கொன்றது. அப்போது நீர் பச்சையாகவில்லை. அலுமினியம் சேற்றையெல்லாம் படிய வைத்ததால் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. பார்ப்பதற்கு அழகான, உயிரற்ற நீர்.

அங்கேயும் முதலில் விவசாயிகள் தங்களைப் பழிக்கிறார்கள் என்றே எண்ணினார்கள். பிறகு ஆய்வாளர்கள் அவர்கள் வயலிலேயே குழி போட்டு, அவர்கள் கண் முன்னே மண்ணைச் சோதித்துக் காட்டியபோது நிலைமை மாறியது. வயலை ஒரே மட்டமாகச் சமன் செய்து, வடிகால்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆழமான வடிகால்களை ஆழம் குறைந்த அகன்ற வடிகால்களாக மாற்றினார்கள். பாரை உயர்த்தினார்கள், சுண்ணாம்பு இட்டார்கள். ஆழத்தைக் கூட்டாமலே வெள்ளம் வடிந்தது. உங்கள் ஐவர் கொல்லைக்கு அந்த ட்வீட் விவசாயிகள்தான் குவீன்ஸ்லாந்துக்காரர்களை விட நெருங்கிய உறவு என்று இப்போது நினைக்கிறேன். இதை முதல் பதிலிலேயே சொல்லாதது என் பிழை.

மாமாவிடம் சில கேள்விகள் கேளுங்கள். முன்பு தூர்வாரிய மண் கரையில் காய்ந்தபோது வைக்கோல் மஞ்சள் நிறக் கறை தெரிந்ததா? வடிகாலின் அடியில் துரு நிறச் சேறு படிகிறதா? ஆழத்துச் சேறு சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தோண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும், குளம் வரும் இடத்தில் கை துளைப்பானால் அரை மீட்டருக்கு ஒரு மாதிரியாக மூன்று மீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, காற்றுப் படாமல் பையில் கட்டி, குளிர்ப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அதுவரை மாமாவின் ஆர்வம் ஆறிவிடக் கூடாது என்றால், இருக்கும் வடிகாலின் கடைசி 30 மீட்டரை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தி, மேல் மண்ணை மட்டும் வழித்து, அதில் கோரையும் புல்லும் வளர விடச் சொல்லுங்கள். நீர் மெதுவாக நகர்ந்தாலே வண்டலும் அதோடு ஒட்டிய உரமும் ஓரளவு தங்கிவிடும்.

பதில்: பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர்

துளைப்பான் என்னிடம் ஒன்று இருக்கிறது. மாதிரிப் பைகளும் உண்டு. வற்று நேரம் பார்த்துச் சனிக்கிழமை காலையில் நானே எடுத்து வருகிறேன். எந்த இடத்தில் துளைப்பது என்பதை மாமா காட்டட்டும்.

மீண்டும் கேட்டவர்: நிபோங் தெபால்

இயந்திரக்காரரிடம் சொல்லிவிட்டோம், முன்பணத்தை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மஞ்சள் கறையைப் பற்றிக் கேட்டதும் மாமா சற்று நேரம் யோசித்துவிட்டு, மேற்கு மூலையில் தூர்வாரிய மேட்டில் பத்து ஆண்டுகளாகப் புல் முளைத்ததே இல்லை என்றார். சனிக்கிழமை அங்கிருந்தே தொடங்கலாம் என்கிறார். காலைப் பசியாறல் எங்கள் வீட்டில்தான், பட்டர்வொர்த் அம்மா, படகுக்காரரும் வருகிறார்.